எதிர்வீட்டு வட்ட யன்னல்

ராசா,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஞாயிறு தவறாமல் நீ எடுக்கிறாய், நானும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கதைக்கிறேன். ஆனால் நான் ஏதாவது முக்கியமானதைத் தொடங்கினால் நீ "அம்மா, பொறுங்கோ, இன்னொரு கோல் வருது" என்பாய். திரும்பி வரும்போது எனக்கிருந்த துணிச்சல் போய்விட்டிருக்கும், நான் முருங்கைக்காய் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் பயப்படாதே, எனக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை. இரத்தத்தில் சீனி குறைந்திருக்கிறது, முழங்கால் போன வருடத்தைவிட நல்லம். செய்தி நல்ல செய்தி. ஆனால் அதை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் அது எப்படி வந்தது என்று உனக்கு விளங்காது. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவள் நான். செய்கை காட்டாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு ஒருநாளும் முழுப் புள்ளி போட்டதில்லை. ஆகவே கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் ஒழுங்காக வாசி.

அப்பா கண்மூடிய அடுத்த வருடம் நீயும் மெல்பேர்னுக்குப் போனாய். பஸ் ஏறும்போது "தனிய இருப்பியளோ அம்மா?" என்று கேட்டாய். "தெரு நிறையச் சனம் இருக்கு, எனக்கென்ன?" என்று நான் பெரிதாகச் சொல்லி அனுப்பினேன். உண்மையில் அதற்குப் பிறகு நான் தெருவையே பார்க்கவில்லை. முன் யன்னல்களைத் திறப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பலகைக் கதவுகளின் பாரம் உனக்குத் தெரியும், அப்பாதான் காலையில் எழுந்ததும் திறப்பார். நான் குசினியிலும் பின் விறாந்தையிலும் சீவித்தேன். சேர்ச்சுக்கும் சந்தைக்கும் போக மட்டும் படலையைத் திறந்தேன். யாராவது தட்டினால் குரல் கொடுக்காமல் இருந்த நாட்களும் உண்டு.

அப்படி ஒருநாள் தட்டியவர்கள் யாழ்ப்பாணக் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள். விடாமல் தட்டினார்கள். திறந்து பார்த்தால் தோளில் பையும் கையில் அளவு நாடாவுமாக ஒரு கூட்டம். எங்கள் குறுக்குத் தெருவில் உள்ள பழைய வீடுகளை எல்லாம் அளந்து படம் கீறப் போகிறார்களாம். அவர்களுக்குத் தலைவி துவாரகா என்ற பெட்டை. கண்ணாடி போட்டு, மூச்சு விடாமல் கதைக்கிற பிள்ளை. "ரீச்சர், உள்ளுக்கு வந்து அளக்கலாமோ? ஒரு சாமானும் தொட மாட்டம்" என்றாள். நான் ஓம் என்பதற்கு முன்பே நாடாவின் ஒரு நுனியை என் கையில் தந்துவிட்டு மற்ற நுனியோடு சுவர் மூலைக்கு ஓடிவிட்டாள். நான் என்ன செய்வேன்? பிடித்துக்கொண்டு நின்றேன்.

முன் அறைச் சுவரில் இருக்கிற சின்னக் கதவைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள். "இது என்ன ரீச்சர்? ஆளும் போகேலாது, காத்தும் வராது, என்னத்துக்கு வைச்சவை?" என்று கேட்டாள். நான் சொன்னேன். இந்த வீட்டை உன் அப்பப்பா வாங்குவதற்கு முன்னால் இங்கே ஒரு டொக்டர் இருந்தார். முன் அறைதான் அவருடைய டிஸ்பென்சரி. விறாந்தையில் முகம் காட்டி நிற்க வெட்கப்பட்ட பெண்கள் பக்கத்து ஒழுங்கையால் வந்து, அந்தச் சின்னக் கதவுக்குள் கையை மட்டும் நீட்டி மருந்துப் போத்தலை வாங்கிக்கொண்டு போவார்களாம். யார் வந்தார்கள் என்று டொக்டருக்கும் தெரியாது. அவர்களுக்காகவே மூன்றடி தடிப்பான முருகைக்கல் சுவரை அவர் உடைப்பித்திருக்கிறார். இதைச் சொல்லி முடித்த கையோடு, நீ அதே கதவுக்குள் தலையை நீட்டிக் கடை வைத்த கதையையும் சொன்னேன். நீ பூவரசம் இலையில் மண்ணைக் கட்டி விற்பாய், அப்பா ஒழுங்கையில் நின்று "தம்பி, சீனி நல்லதோ?" என்று கேட்டு வாங்குவார். பிள்ளைகள் அளப்பதை விட்டுவிட்டு நிலத்தில் இருந்து கேட்டார்கள். துவாரகா சொன்னாள்: "ரீச்சர், எங்களிட்டை அளவு மட்டும்தான் கிடக்கு. உதை ஆர் எங்களுக்குச் சொல்லப் போகினம்? மற்ற வீடுகளுக்கும் எங்களோடை வாங்கோ."

அடுத்த சனிக்கிழமை காலை குடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு இறங்கினேன். மூலையில் இருக்கிற இரட்டை வாசல் வீட்டை நீ சின்ன வயதில் இருந்தே கண்டிருக்கிறாய், ஆனால் ஏன் இரட்டை வாசல் என்று கேட்டதில்லை. இரண்டு அண்ணன் தம்பிமார் இரண்டு அக்கா தங்கைமாரைக் கட்டி அங்கே ஒன்றாக இருந்தார்கள். ஒரு குசினி, ஒரு கிணறு, ஒரு நடுமுற்றம். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகிற மனிசனைத் தன்னுடைய வாசலில் நின்று வழியனுப்ப வேண்டும் என்று இரண்டு பெண்களுக்கும் ஆசை. மேசன் ஒரே அச்சில் இரண்டு வாசல் வைத்துக் கொடுத்தார். இப்போது ஒரு வாசலில் ரியூசன் வகுப்பு, மற்ற வாசலில் பல் டொக்டர். வாசல் மாறி உள்ளே போய் அலறிக்கொண்டு ஓடி வருகிற பிள்ளைகளை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

அதற்கு அடுத்தது போறணை வீடு. ஒரு பறங்கிக் குடும்பம் அங்கே பேக்கரி வைத்துப் பாண் போட்டு விற்றது. பாண் வேகிற அந்தப் பெரிய போறணையின் புகைக்கூடு இப்போதும் ஓட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. கீழே இப்போது போன் திருத்துகிற கடை. கடைக்காரப் பெடியன் போறணை வாசலுக்குள் தட்டு அடித்துப் பழைய போன்களை அடுக்கி வைத்திருக்கிறான். "சூடு இல்லாத இடம் அன்ரி, பற்றரிக்கு நல்லது" என்கிறான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிள்ளைகளின் படம் கீறல் முடிந்த பிறகும் சனிக்கிழமை நடை நிற்கவில்லை. துவாரகா போனில் என்னத்தையோ போட்டாள், ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கொழும்பில் இருந்து தொப்பியோடு வருகிற தம்பதிகள், கனடாவில் இருந்து பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். நான் முன்னுக்கு, குடை என் கையில். யாருக்கும் காசு இல்லை, கடைசியில் எங்கள் விறாந்தையில் எல்லாருக்கும் தேத்தண்ணி. சனி விடிந்தால் முன் யன்னல்களை நானே தள்ளித் திறக்கப் பழகிக்கொண்டேன்.

நடை எங்கே முடியும் தெரியுமா? எங்கள் எதிர்வீட்டில். அந்த மெத்தை வீட்டில். நான் கல்யாணம் முடித்து இந்தத் தெருவுக்கு வந்தபோதே அதன் சொந்தக்காரர் கொழும்புக்குப் போய்விட்டிருந்தார்கள். பிறகு அரசாங்கக் கந்தோர் ஒன்று இருந்தது, இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் இருந்தன, பிறகு பூட்டு. மேல்மாடியின் முகப்பில் ஒரு வட்ட யன்னல், கப்பலில் இருப்பது போல. கல்யாணமான முதல் கிழமையே அப்பா அதைக் காட்டி எனக்கு ஒரு கதை சொன்னார். அங்கே ஒரு ஒல்லாந்தக் கப்டன் இருந்தாராம். ஊரில் விட்டுவந்த மனைவி ஒருநாள் கப்பலில் வருவாள் என்று, கடலைப் பார்க்க அந்த யன்னலை வைத்தாராம். அவள் வரவே இல்லையாம். பொழுதுபட்டால் இன்றைக்கும் அவருடைய முகம் அங்கே தெரியுமாம். புதுப் பெண்ணுக்குச் சொல்கிற கதையா அது? ஆனால் அப்பா சொன்ன விதத்தில் நான் அழுதுவிட்டேன், பிறகு அவரும் பயந்துபோய்ப் பணியாரம் வாங்கித் தந்தார். அந்தக் கதையைத்தான் நடையின் முடிவில் சொல்வேன். எல்லாரும் மேலே பார்த்தபடி நிற்பார்கள். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை கூட்டத்தின் பின்வரிசையில் ஒருவர் நின்றார். நெடிய ஆள், நரைத்த மீசை, அரைக்கைச் சேட்டு. கப்டனின் முகம் யன்னலில் தெரிகிற இடத்துக்கு நான் வந்தபோது அவர் சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் கதையை நிறுத்தினேன். வகுப்பில் பின்வாங்கில் சிரிக்கிறவனைப் பார்க்கிற பார்வை எனக்கு இன்னும் இருக்கிறது.

"ஐயா, என்ன பகிடி?"

"குறை நினையாதேங்கோ ரீச்சர். உங்கை ஒல்லாந்தனும் இல்லை, கப்டனும் இல்லை. உந்த யன்னல் என்னைப் பெத்த ஐயா வைச்சது. அம்மா மேலை இருந்துதான் தைக்கிறவ. மெசினடியிலை இருட்டெண்டு சொன்னவ. மேசன் ஒரு வண்டிச் சில்லைச் சுவரிலை வைச்சுச் சுத்திக் கீறி வெட்டினவர். அதுதான் வட்டம்."

கூட்டம் என்னைப் பார்த்தது. எனக்கு முகம் சுட்டது. "என்ரை மனிசன் இந்தத் தெருவிலை பிறந்து வளந்தவர். அவர் எனக்குச் சொன்ன கதை இது" என்றேன்.

அவர் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் வீட்டுப் பெயரைச் சொல்லி, "நீங்கள் அவன்ரை மனிசியோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "ரீச்சர், அந்தக் கப்டனை நானும் அவனும் சேந்துதான் உண்டாக்கினனாங்கள். மேலை நாங்கள் இருந்து விளையாடுற இடம். சின்னனுகள் ஏறி வந்து கரைச்சல் குடுக்குதுகளெண்டு பேய்க்கதை கட்டினது. பெண்சாதி வராத கதை எங்களுக்கு அப்ப தெரியாது. அதை அவன் உங்களுக்காகப் புதுசாச் சேத்திருக்கிறான்."

அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சிரிப்பு. தெருவின் நடுவில், கொழும்புத் தம்பதிகளுக்கு முன்னால், குடையை ஊன்றிக்கொண்டு நின்று கண்ணீர் வரச் சிரித்தேன். இத்தனை வருடமாக நான் கண்டுபிடிக்காத பொய் ஒன்றை அப்பா எனக்காக விட்டுவைத்திருந்திருக்கிறார். அவர் போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவருடைய பெயர் அருமைநாயகம். புகையிரதப் பகுதியில் இருந்து இளைப்பாறியவர், ஸ்டேசன் மாஸ்டர். வேலை கிடைத்து இளமையிலேயே தெற்குக்குப் போனவர், பிறகு மலைநாடு, கிழக்கு என்று ஸ்டேசன் ஸ்டேசனாக மாற்றம். கல்யாணம் முடிக்கவில்லை. "கேட்டு வந்தவைக்கு விலாசம் குடுக்க முதல் எனக்கு மாற்றம் வந்திடும்" என்று சொல்கிறார். அரசாங்க விடுதிகளிலேயே காலம் போய்விட்டது. அந்த வீடு இப்போது அவருக்கும் லண்டனில் இருக்கிற தமக்கைக்கும் சொந்தம். இடித்துவிட்டு ஹோட்டல் கட்ட ஒருவர் கேட்டிருக்கிறார், விற்றுக் கொடுக்கத்தான் யாழ்ப்பாணம் வந்திருந்தார். சாவி எடுக்கப் போகிற வழியில் தன் வீட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம் அண்ணாந்து நிற்பதைக் கண்டு தானும் வந்து நின்றாராம்.

அன்றைக்கு எங்கள் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அப்பாவைப் பற்றிச் சொன்னார். நீ இதைக் கேட்கத்தான் வேண்டும். நீ பட்டம் ஏற்ற ஆசைப்பட்டபோதெல்லாம் அப்பா கூரைப்பக்கமே போகக்கூடாது என்று தடுத்தாரே, நீ கூடக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாயே, ஏன் தெரியுமா? ஒரு தைப்பொங்கல் காலத்தில் அறுந்துபோன பட்டத்தை எடுக்க அவர் போறணை வீட்டுக் கூரையில் ஏறியிருக்கிறார். ஓடு உடைந்து நேரே உள்ளே விழுந்தார். விழுந்தது எங்கே? பாணுக்குப் பிசைந்து ஊறப்போட்டிருந்த மாத்தொட்டிக்குள். கை கால் ஒன்றும் முறியவில்லை. "பறங்கி ஐயா அவனைக் காதிலை பிடிச்சுத் தூக்கினவர், ரீச்சர். வெள்ளைச் சிலை மாதிரி நிண்டவன். அண்டைக்குத் தெருவிலை ஒருத்தருக்கும் பாண் இல்லை. எல்லா வீட்டிலையும் புட்டு." வங்கியில் வேலை செய்து, பேப்பரை நாலாக மடித்து வாசித்து, சேர்ட்டின் மேல்பொத்தானையும் பூட்டுகிற உன் அப்பா! நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பாதிதான் அறிந்திருக்கிறோம், ராசா. மற்றப் பாதி எதிர்வீட்டுக்காரரிடம் இருந்திருக்கிறது.

விற்பனை அந்தக் கிழமை நடக்கவில்லை. அடுத்த கிழமையும் நடக்கவில்லை. அவர் சனிக்கிழமைகளில் நடைக்கு வரத் தொடங்கினார். என் கதையைத் திருத்துவார். முதலில் எனக்கு எரிச்சல். இரட்டை வாசல் வீட்டு அக்கா தங்கைக்குச் சண்டையே இல்லை என்று நான் சொல்ல, "சண்டை இருந்தது, ரேடியோவிலை ஆர் எந்த நிலையம் கேக்கிறது எண்டு" என்று பின்னால் இருந்து குரல் வரும். "ஐயா, நீங்கள் முன்னுக்கு வந்து சொல்லுங்கோ" என்று ஒருநாள் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் நடுங்கிப்போனார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறோம். வீடு யாருடையது, எந்த வருடம் என்ன கட்டியது என்பதெல்லாம் நான். அங்கே இருந்தவர்கள் எப்படிச் சிரித்தார்கள், யார் யாரோடு கோபம் என்பதெல்லாம் அவர். நீயும் யாராவது உன் கதையைத் திருத்தினால் உடனே முகத்தைத் திருப்பாதே. உனக்கு அந்தக் குணம் இருக்கிறது. என்னிடமிருந்து வந்ததுதான்.

பிறகு அவர் ஓடு மாற்றத் தொடங்கினார். "மழை வந்தால் வாங்குறவனுக்கு நட்டம்" என்று சாட்டுச் சொன்னார். பிறகு சுண்ணாம்பு அடித்தார். பின் வளவு துப்புரவாக்கினார். லண்டன் தமக்கை என்னிடம் போனில் கேட்டா: "பிள்ளை, விக்கப் போனவன் வெள்ளையடிச்சுக்கொண்டு நிக்கிறான். அவனுக்கு அங்கை என்ன நடக்குது?" அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, சத்தியமாக. வட்ட யன்னலுக்கு உள்பக்கம் யுத்த காலத்தில் யாரோ அடித்த தகரம் இருந்தது. கம்பஸ் பிள்ளைகள் வந்து அதைக் கழற்றிய காலையில் நானும் மேலே ஏறினேன். பலகைத் தளத்தில் முழுநிலவு விழுந்தது போல வெளிச்சம் வட்டமாக விழுந்தது, சரியாகத் தையல் மெசின் இருந்திருக்க வேண்டிய இடத்தில். துவாரகா வீடியோவில் லண்டன் தமக்கைக்குக் காட்டினாள். அந்த மனுசி தன் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. பிறகு, "தம்பி, விக்க வேண்டாம்" என்றா.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் ஏணியில் ஏறி முகப்பு விளிம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறவில்லை. தெருவில் மீன்காரரின் சைக்கிள் மட்டும் போனது. மேலே இருந்து குரல் வந்தது.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டோ?"

"இறங்கி வந்து கேளுங்கோவன்."

"இறங்கினால் பயம் வந்திடும். இதிலை நிண்டே கேக்கிறன். நீங்கள் என்னைக் கட்டுவியளோ?"

"என்னத்தைக் கட்டுறது?" என்று கேட்டேன். எனக்கு உண்மையில் விளங்கவில்லை. ஏணியைக் கயிற்றால் கட்டச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"கலியாணம்" என்றார் அவர், தூரிகையைப் பார்த்துக்கொண்டு.

"ஏணியை விட்டிடுவன்" என்றேன்.

"அதுக்குத்தான் மேலை நிண்டு கேட்டனான். நீங்கள் விடமாட்டியள் எண்டு தெரியும்."

விடவில்லைத்தான். ஆனால் பதிலும் சொல்லவில்லை. அவர் பத்திரமாக இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். முதலில் உன்னை நினைத்தேன். பிறகு அப்பாவை. பிறகு, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், என்னை நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அறுபது தாண்டிய ஒரு மனுசி. கன்னத்தில் சுண்ணாம்பு. ஆனால் அந்த மனுசி சிரித்துக்கொண்டிருந்தாள், ராசா.

கரவெட்டியில் இருக்கிற உன் சித்திக்குப் போன் எடுத்தேன். போனிலேயே கத்தினாள். "அக்கா, உனக்கு விசரே? பெடியன் என்ன சொல்லுவான்? ஊர் என்ன சொல்லும்?" அடுத்த நாள் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள், ஆளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க. எதிர்வீட்டுக்குள் புயல் மாதிரிப் போனாள். நான் எங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. மத்தியானம் ஆகியும் ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் அவர் சமைத்த கத்தரிக்காய்ப் பால்கறியோடு இரண்டாம்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும், "அக்கா, எப்ப வைக்கிறது?" என்று கேட்டாள். அவ்வளவுதான் உன் சித்தியின் எதிர்ப்பு.

நான் என் பதிலை அவருக்குத் தனியே சொல்லவில்லை. அதற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஏனென்றால் அதனால்தான் உனக்கு முந்தித் தெருவுக்குத் தெரிந்துபோனது. போன சனிக்கிழமை நடை. நல்ல கூட்டம். எதிர்வீட்டுக்கு முன்னால் வந்து நின்றோம். அவர் ஒதுங்கி, மதிலோடு நின்றார். அந்தக் கிழமை முழுக்க என் முகத்தைப் பார்க்காமலே திரிந்தார், பாவம். நான் கப்டனை விட்டுவிட்டேன். முதல்முறையாக உண்மைக் கதையைச் சொன்னேன். "இந்த யன்னல், ஒருவர் தன்ரை மனிசி தைக்க வெளிச்சம் வேணுமெண்டு வைச்சது. வண்டிச் சில்லாலை அளந்தது. பிறகு இதுக்குப் பக்கத்திலை இருந்து ரெண்டு பெடியன்கள் ஒரு பொய்க்கதை கட்டினவை. அதிலை ஒரு பெடியன் என்ரை மனிசன். அவர் இப்ப இல்லை." குடையை மதில் பக்கம் நீட்டினேன். "மற்றப் பெடியன் உங்கை மதிலடியிலை நிக்கிறார். அவரை நான் கட்டப் போறன்."

துவாரகா கூவிய கூவலில் பல் டொக்டர் கையில் குறட்டோடு வெளியே ஓடி வந்தார். கனடாவில் இருந்து வந்திருந்த ஒரு மனுசி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா, யாரென்றே தெரியாது. போன்கடைப் பெடியன் எல்லாருக்கும் சோடா கொண்டுவந்தான். அவர் மதிலடியிலேயே நின்றார். கிட்டப் போய், "என்ன, பேச்சைக் காணேல்லை?" என்று கேட்டேன். "எனக்கு விசிலடிக்கத்தான் வருது, ரீச்சர், அதுவும் இப்ப மறந்துபோச்சு" என்றார்.

ஒரு பிள்ளை அதை வீடியோ எடுத்திருக்கிறான். என் மகனுக்கு நான் எழுதும்வரை எங்கும் போடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் துவாரகா படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள். அவள் வாசிப்பாள். சித்தி வாசிப்பாள். வாசிக்கட்டும், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

இனி உனக்கு. அப்பாவின் இடத்துக்கு ஒருவர் வருகிறார் என்று உன் மனம் சொல்லும். எனக்கும் சொன்னது. ஆனால் இந்தத் தெருவை இவ்வளவு நாள் நடந்து பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியிருக்கிறது. இங்கே முதல் கட்டியது போலவே இருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை. யாரோ ஒருத்திக்காகச் சுவரை உடைத்திருக்கிறார்கள், யாரோ இரண்டு பேருக்காக வாசல் கூட்டியிருக்கிறார்கள். அதனால் எந்த வீடும் விழவில்லை. பழைய அறைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நீ மெல்பேர்னில் வாடகை வீடு என்று சொல்லி இன்னும் சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. அப்பாவின் படத்தை மேசையில் சாத்தித்தான் வைத்திருக்கிறாய், போனில் பார்க்கிறேன். ஆணி அடி, ராசா. வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு அடி. நாளைக்கு ஒரு பெண்பிள்ளையோடு வீடு பார்க்கப் போனால், எத்தனை அறை என்று கேட்பதற்கு முன்னால் அவளுக்கு எங்கே இருட்டாக இருக்கிறது என்று கேள். எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான்.

பெரிய கொண்டாட்டம் இல்லை. பதிவு எழுத்து, எங்கள் விறாந்தையில். பிறகு தெருவுக்கே மத்தியானச் சாப்பாடு. போதகர் வந்து செபம் செய்வார். மாப்பிள்ளை சைவம், அதனால் காலையில் கோயிலுக்கும் போய் வருவோம். லண்டன் தமக்கை ரிக்கெற் எடுக்கக் காத்துக்கொண்டிருக்கிறா. நாள் மட்டும் குறிக்கவில்லை, நீ லீவைச் சொல்ல வேண்டும். நீ இல்லாமல் வைக்க மாட்டேன். அவரும் அதைத்தான் சொன்னார்: "அவன்ரை பெடியன் வராமல் நான் கையெழுத்துப் போடமாட்டன்."

எங்கே இருப்போம் என்று ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் இந்த வீட்டை விடமாட்டேன் என்றேன். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்பதான் எனக்கெண்டு ஒரு வீடு கிடைச்சிருக்கு, நானும் விடமாட்டன்" என்றார். கடைசியில் இரண்டையும் வைத்துக்கொள்வது என்று முடிவு. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் இல்லை, அவருடைய குசினி. மற்ற நாள் மீன்குழம்பு என்னுடைய குசினி. நடுவில் ஒரு தெருதானே.

ஆகவே வா. உனக்குச் சந்தோசம் என்றால் சந்தோசத்தோடு வா. கோபம் என்றால் அதை அங்கே வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டாம், கோபத்தோடேயே வா. இங்கே இரண்டு வீடு இருக்கிறது. ஒன்றில் கோபித்துக்கொண்டு இருந்துவிட்டு மற்றதில் வந்து சாப்பிடலாம்.

அன்புடன்,
அம்மா